முதலில் நீர், பின்னர் சாலமாண்டர்



நீண்ட உடலும் வாலும் நான்கு கால்களும் பெற்றுப் பார்வைக்குப் பல்லியைப் போலத் தோன்றினாலும், செதில்கள் இல்லாத, எப்போதும் ஈரமாக இருக்கும் மென்தோலைக் கொண்டதால் தவளைகளின் உறவாகவே கருதப்படும் விலங்குகளை விலங்கியல் சாலமாண்டர்கள் என்று அழைக்கிறது. நீரிலும் நிலத்திலுமாக வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ளும் இருவாழ்விகள் என்னும் பெரும் வகுப்பில் தவளைகளும், காலற்ற சிசிலியன்களும், இந்தச் சாலமாண்டர்களும் அடங்கும். உலகெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட சாலமாண்டர் இனங்கள் அறியப்பட்டுள்ளன என்றாலும், வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவதும், முதன்முறையாக ஒரு சாலமாண்டரை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதும் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த ஆக்ஸலாட்டில் என்னும் இனமே ஆகும். 2021-ஆம் ஆண்டில் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் அது இடம்பெற்ற பிறகு, உலகின் பல நாடுகளில் சிறுவர்களும் அதன் பெயரை அறிந்துள்ளனர். அவ்வாறு ஆர்வம் கொள்வோர் அதனை வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவற்றை இந்த உரை விளக்க முற்படுகிறது.

ஆக்ஸலாட்டிலின் ஒவ்வொரு தேவையும் அதன் தாயகத்தின் இயல்பிலிருந்தே பிறந்தது என்பதால், அதன் வளர்ப்பைப் பற்றிய பேச்சு அந்தத் தாயகத்திலிருந்து தொடங்குவதே முறையாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த மெக்சிகோ பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய பல ஏரிகள் பரந்து கிடந்தன. அவற்றுள் தெற்கில் இருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஆகிய இரு நன்னீர் ஏரிகளிலேயே இவ்விலங்கு இயற்கையாக வாழ்ந்தது. பின்னாளில் சால்கோ ஏரி வடிக்கப்பட்டது. சோச்சிமில்கோ ஏரியில் இன்று எஞ்சியிருப்பவை, ஆழமற்ற நீரில் சேற்றையும் தாவரங்களையும் அடுக்கி உருவாக்கப்பட்ட சினாம்பா என்னும் விளைநிலத் திட்டுகளுக்கு இடையே ஓடும் கால்வாய்களே. வெப்ப மண்டலத்தில் அமைந்திருந்தும் உயரத்தின் காரணமாக அந்த நீர் ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக இருந்தது. ஓட்டம் மெதுவாகவும் ஒளி மங்கலாகவும் அடித்தளம் மென்சேறாகவும் இருந்தது. குளிர்ச்சி, அமைதி, மங்கிய ஒளி, மென்மையான தரை ஆகிய இந்த நான்கையும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அமைத்துத் தருவதே வளர்ப்பவரின் கடமையாகிறது.

பெரும்பாலான இருவாழ்விகள் செவுள்களுடன் நீரில் வாழும் இளவுயிரியாகப் பிறந்து, பின்னர் உருமாற்றம் அடைந்து, செவுள்களை இழந்து நிலத்துக்கு ஏறுகின்றன. தலைப்பிரட்டை தவளையாவது இதற்கு நன்கு அறிந்த சான்று. ஆக்ஸலாட்டிலோ தலையின் இருபுறமும் மும்மூன்றாக விரிந்து நிற்கும் இறகு போன்ற வெளிச் செவுள்களுடன், இளவுயிரியின் தோற்றத்திலேயே முழு வளர்ச்சி எய்தி, அந்நிலையிலேயே இனப்பெருக்கமும் செய்கிறது. இளமைத் தோற்றம் முதிர்ச்சிக்குப் பின்னும் நீடிக்கும் இந்நிலை நீண்ட காலம் அறிஞர்களைக் குழப்பியது. 1864-ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்ஸலாட்டில்களில் ஆறினைப் பெற்ற ஓகுஸ்த் துய்மெரில் என்னும் விலங்கியலாளர், மறு ஆண்டு அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளில் சில செவுள்களை இழந்து நிலவாழ் சாலமாண்டர்களாக மாறியதைக் கண்டு வியந்தார். உருமாற்றத்தைத் தூண்டுவது தைராய்டு சுரப்பியின் இயக்குநீர் என்பதும், ஆக்ஸலாட்டிலின் உடலில் அது போதிய அளவில் செயல்படுவதில்லை என்பதும் பின்னர் தெளிவாயின. 1913-ஆம் ஆண்டில் செக் நாட்டு உடலியலாளர் விலெம் லாஃப்பெர்கர், தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்து ஆக்ஸலாட்டிலை நிலவாழ் விலங்காக மாற்றிக் காட்டினார். ஆர்வத்தின் பேரில் அயோடின் போன்ற பொருள்களைத் தொட்டியில் இட்டு வீட்டில் இச்சோதனையைச் செய்து பார்ப்போரும் உண்டு என்பதால் ஓர் எச்சரிக்கை இங்கு இன்றியமையாதது: அது விலங்கின் உயிரைப் பறிக்கக்கூடிய செயல், பிழைத்தாலும் அதன் ஆயுள் பெரிதும் குறைந்துவிடும்.

பாரிசில் பெருகிய அந்த விலங்குகளின் வழித்தோன்றல்களே ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களுக்கும், பின்னர் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கும், அவற்றிலிருந்து வீட்டுத் தொட்டிகளுக்கும் பரவின. கடைகளில் காணப்படும் வெண்ணிற, பொன்னிற வகைகள் ஆய்வுக்கூடங்களில் நிலைநிறுத்தப்பட்டவை. காட்டு ஆக்ஸலாட்டில் பொதுவாகக் கரும்பழுப்பு அல்லது ஆலிவ் நிறத்தில் புள்ளிகளுடன் காணப்படும். வளர்ப்பு விலங்குகள் இவ்வாறு பெருகிய அதே காலத்தில், சோச்சிமில்கோவின் கால்வாய்களில் கழிவுநீர் கலந்தது. உணவுக்காக அங்கே விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்கள் ஆக்ஸலாட்டிலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டன. 1998-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என மதிப்பிடப்பட்ட அதன் எண்ணிக்கை, 2014-இல் ஏறத்தாழ 36 ஆகச் சரிந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக அருகிய இனமாக, அதாவது இயற்கையில் முற்றிலும் அழிந்துபோகும் விளிம்பில் இருப்பதாக, அறிவித்துள்ளது. வீட்டில் ஒன்றை வளர்ப்பதால் அந்தக் கால்வாய்களில் ஓர் உயிரும் கூடுவதில்லை. இனக்காப்பு என்னும் பெயரில் எவரும் அதனை வாங்க வேண்டியதில்லை. வளர்ப்பவர் தம் கைக்கு வந்த உயிருக்கு நல்வாழ்வு தருவதே அவரால் ஆகக்கூடியது.

அந்த நல்வாழ்வின் அடித்தளம் நீர். விலங்கை வாங்கிவந்த நாளில் தொட்டியில் நீரை நிரப்பி அதிலே அதனை விடுவதே முதன்முறை வளர்ப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறாகும். அது ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். ஆக்ஸலாட்டில் தன் கழிவை அம்மோனியாவாக நீரில் வெளியேற்றுகிறது. உண்ணாமல் விடப்பட்ட உணவும் அழுகி அம்மோனியாவாகவே மாறுகிறது. ஏரியில் அது பெருநீரில் கரைந்து, நுண்ணுயிர்களால் மாற்றப்பட்டுவிடும். தொட்டியிலோ அது தேங்கி, விலங்கின் செவுள்களையும் தோலையும் எரிக்கும் நஞ்சாகிறது. இந்நஞ்சைப் போக்குவதற்கு இயற்கை வகுத்த வழி ஒன்று உண்டு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை, அம்மோனியாவைப் போலவே நச்சுத்தன்மையுள்ள அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை நீர்த்தாவரங்கள் ஓரளவு உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியதை வளர்ப்பவர் நீரைப் பகுதி பகுதியாக மாற்றி அகற்றுகிறார். நைட்ரஜன் சுழற்சி எனப்படும் இத்தொடர் நிகழ்வுக்குத் தேவையான பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் பரப்புகளிலும் படிந்து பெருகுவதற்கு, பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும்.

எனவே விலங்கு வருவதற்கு முன்பே தொட்டியை அமைத்து, வடிகட்டியை ஓடவிட்டு, தூய அம்மோனியாக் கரைசலைச் சிறிதளவு சேர்த்து, அந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவளித்து வளர்க்க வேண்டும். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் நீர்ச் சோதனைப் பெட்டியின் துளித் திரவங்களைக் கொண்டு நீரை அடிக்கடி சோதித்து வந்தால், முதலில் அம்மோனியாவும், அடுத்து நைட்ரைட்டும் உயர்ந்து பின்னர் வீழ்வதையும், நைட்ரேட் படிப்படியாக ஏறுவதையும் காணலாம். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் முழுவதும் மாற்றப்பட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் எனக் காட்டும்போதுதான் தொட்டி ஓர் உயிரை ஏற்கும் தகுதியைப் பெறுகிறது. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படும் குளோரின், விலங்கின் செவுள்களைப் புண்படுத்துவதோடு இந்தப் பாக்டீரியாக்களையும் அழித்துவிடும் என்பதால், சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கி கொண்டு ஒவ்வொரு முறையும் நீரைப் பக்குவப்படுத்திய பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி பழகிய பிறகும் வாரம் ஒரு முறை நீரில் ஐந்தில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ மாற்றுவது வழக்கமாக வேண்டும். தூய்மை என்று கருதி முழு நீரையும் கொட்டுவதும், வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசுவதும் பல வாரங்கள் வளர்த்த பாக்டீரியாக்களை ஒரே நாளில் அழிப்பதாகும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

நீரின் தூய்மைக்கு அடுத்ததாகவும், வெப்ப நாடுகளில் அதனினும் கடினமானதாகவும் அமைவது நீரின் குளிர்ச்சி. ஆக்ஸலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே உகந்தது. 20 டிகிரிக்கு மேல் ஏறினால் அதன் உடல் சிரமப்படத் தொடங்கும். 24 டிகிரியும் அதற்கு மேலும் நீடித்தால் உணவை மறுத்து, பூஞ்சை நோய்க்கு ஆளாகி, இறக்கவும் நேரும். இதற்குக் காரணங்கள் பல. வெப்பம் ஏறும்போது உடலின் வளர்சிதை மாற்றம் விரைந்து ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆனால் வெதுவெதுப்பான நீர் குளிர்ந்த நீரைவிடக் குறைந்த ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு கூடுகிறது. எனவே நீரில் அமிழ்த்திய வெப்பமானி ஒன்று தொட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். நீர்ப்பரப்பின் மீது சிறு விசிறியை வீசச் செய்தால், ஆவியாதலின் மூலம் வெப்பம் சில டிகிரி குறையும். ஆயினும் காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இதன் பயன் குறைவு. உறையவைத்த நீர்ப்புட்டிகளை மிதக்கவிடுவது ஒரு நாள் நெருக்கடிக்கு உதவலாமே தவிர, வெப்பம் ஏறி இறங்கித் தடுமாறுவதால் நாளடைவில் அதுவும் விலங்குக்குத் தீங்காகும். கோடை நீண்ட ஊர்களில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இன்றியமையாதது. அதன் விலையும் மின்செலவும் விலங்கின் விலையைவிடப் பன்மடங்கு கூடுதல் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

வளர்ந்த ஆக்ஸலாட்டில் பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. அது தரையிலேயே நடந்து திரிவதால் உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டியே அதற்கு ஏற்றது. ஒரு விலங்குக்கு ஏறத்தாழ 75 லிட்டர் கொள்ளளவைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். அதனினும் பெரிதாக இருப்பின் நீரின் தரம் எளிதில் கெடாது. சில வேளைகளில் அது துள்ளி வெளியே விழக்கூடும் என்பதால் காற்றோட்டமுள்ள மூடி தேவை. ஆக்ஸலாட்டில் இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட, வாயைத் திடீரெனத் திறந்து நீரோடு உறிஞ்சியே விழுங்குகிறது. தரையில் சரளைக் கற்கள் இருந்தால் அவையும் உள்ளே சென்று குடலை அடைத்துவிடும். ஆகையால் அடித்தளத்தை வெறுமையாக விடலாம், அல்லது மிக நுண்ணிய மணலைப் பரப்பலாம். கல் வைப்பதாயின் அது விலங்கின் தலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். வலுவான நீரோட்டம் அதற்கு ஓயாத தொல்லையாவதால் மென்மையாக இயங்கும் பஞ்சு வடிகட்டி சிறந்தது. அதன் கண்களுக்கு இமைகள் இல்லை என்பதால் பளிச்சிடும் விளக்குகளைத் தவிர்த்து, ஒளிந்துகொள்ள மண்பானைத் துண்டோ அகன்ற குழாயோ வைத்து, குளிர்நீரில் வளரும் தாவரங்களால் நிழல் தர வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை ஆக்ஸலாட்டில் முழுமையான ஊனுண்ணி. பூச்சிக்கொல்லி படாத மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவே அதற்கு மிகச் சிறந்த உணவு. ஊனுண்ணிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட, மூழ்கும் தன்மையுள்ள உருண்டைத் தீவனமும் ஏற்றது. இளம் விலங்குகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களுக்கு ஒரு முறை என்பது பொதுவான அளவு. எஞ்சிய உணவை அன்றே அகற்ற வேண்டும். மீன்களைத் துணையாக விடுவது இருவகையிலும் கேடு தரும்: சிறு மீன்களை ஆக்ஸலாட்டில் விழுங்கும், சற்றுப் பெரிய மீன்கள் அதன் மென்செவுள்களை உணவென்று எண்ணிக் கொறிக்கும். ஆக்ஸலாட்டில்களும் இளமையில் ஒன்றன் காலை ஒன்று கடிக்கும் இயல்புடையவை. துணை இல்லாததால் அவை வாடுவதும் இல்லை. எனவே முதன்முறை வளர்ப்பவர் ஒன்றை மட்டுமே வளர்ப்பது நல்லது. ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடப்படும் என்பதும், அத்தனை குஞ்சுகளுக்கும் ஏற்ற இல்லம் தேடுவது இயலாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இழந்த காலையும் வாலையும், தண்டுவடத்தின் பகுதியையும், இதயத் தசையின் ஒரு பகுதியையும்கூட வடுவின்றி மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலால் ஆக்ஸலாட்டில் அறிவியல் உலகில் புகழ்பெற்றது. இழப்பு மீட்டல் எனப்படும் இந்தத் திறனின் மூலத்தை அறியவே, மனித மரபணுத் தொகுதியைப் போல் பத்து மடங்கு பெரியதும் ஏறத்தாழ 3,200 கோடி மரபெழுத்துகள் கொண்டதுமான அதன் மரபணுத் தொகுதி 2018-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தப்பட்டது. ஆயினும் இத்திறனைக் கண்டு, எதனையும் தாங்கும் விலங்கு என்று அதனைக் கருதுவது பிழை. அறுபட்ட காலை வளர்த்துக்கொள்ளும் அதே உடல், கெட்ட நீரில் சில நாள்கள் கிடந்தாலே தளர்ந்துவிடும். செவுள்கள் முன்னோக்கி வளைதல், வால் நுனி சுருளுதல், உணவை மறுத்தல், செவுள்களில் பஞ்சு போன்ற பூஞ்சை படிதல் ஆகியவை துன்பத்தின் அறிகுறிகள். அவற்றுள் எதைக் கண்டாலும் மருந்தைத் தேடுவதற்கு முன் நீரின் வெப்பத்தையும் அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். நீரில் கரைந்தவற்றை உறிஞ்சும் தோலுடையது என்பதால், செம்பு கலந்த மீன் மருந்துகள் அதற்கு நஞ்சாகும். அதே காரணத்தால் அதனைக் கையில் எடுத்துக் கொஞ்சுவதும் கூடாது. இடம் மாற்ற நேரும்போது நீரோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் முகந்து எடுக்க வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடலாம் என்னும் எண்ணம், அந்த ஓர் உயிரோடு நில்லாமல் பல உயிர்களுக்குக் கேடு விளைவிக்கும். ஆசியாவில் தோன்றி, வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்ததாகக் கருதப்படும் ஒரு வகைப் பூஞ்சை, நெதர்லாந்தில் வாழ்ந்த தீச்சாலமாண்டர்களின் தோலை அரித்து அவற்றை ஏறத்தாழ முற்றிலும் அழித்தது. 2013-ஆம் ஆண்டில் அந்தப் பூஞ்சை அடையாளம் காணப்பட்டது. அது பரவிவிடும் என்னும் அச்சத்தால், 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. தூண்டில் இரையாகக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வேற்றிடப் புலிச் சாலமாண்டர்கள் அங்குள்ள உள்நாட்டு இனத்தோடு கலந்து, அதன் தனித்தன்மையையே அச்சுறுத்துகின்றன. அம்மாநிலத்தில் உரிமமின்றி ஆக்ஸலாட்டில் வளர்ப்பதும் சட்டத்துக்குப் புறம்பானது.

இந்தியாவில் இயற்கையாக வாழும் சாலமாண்டர்கள் டார்ஜிலிங் மலைகள் உள்ளிட்ட கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே உள்ளன. தமிழ்நாட்டில் இயற்கையாக வாழும் சாலமாண்டர் எதுவும் இல்லை. இமயமலைச் சாலமாண்டர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பதால், அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். ஆக்ஸலாட்டில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது; அத்தகைய அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்வதற்கான நெறிகள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2024-இல் வெளியிடப்பட்டுள்ளன. விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் பொறுப்பு. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் கோடையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டுவதால், குளிர்விக்கும் கருவியும் தடையற்ற மின்சாரமும் இல்லாத வீட்டுக்கு இவ்விலங்கு உரியதன்று.

நன்கு பேணப்பட்ட ஆக்ஸலாட்டில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. பள்ளிச் சிறுவன் ஒருவன் ஆசைப்பட்டுக் கேட்டது, அவன் கல்வி முடித்துப் பணிக்குச் சென்ற பின்னும் வீட்டிலிருக்கும் பெற்றோரின் பொறுப்பாக நீடிக்கக்கூடும். ஆகவே முதன்முறையாகச் சாலமாண்டர் வளர்க்க விரும்பும் நேயர்கள், முதலில் தொட்டியை மட்டும் வாங்கி, நீரை நிரப்பி, அதனை இரண்டு மாதங்கள் குளிர்ச்சியாகவும் நஞ்சின்றியும் பேணிப் பார்க்க வேண்டும். கோடையின் நடுவிலும் அந்த நீர் 18 டிகிரியில் நிற்குமானால், சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகத் தொடருமானால், வாரந்தோறும் நீர் மாற்றும் வேலை சலிப்பைத் தரவில்லையானால், அப்போது விலங்கை வாங்கலாம். இவற்றுள் ஒன்றில் குறை இருந்தாலும், வாங்காமல் விடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மையாகும்.